கேட்டால் சொல்லிவிடுகிற டீச்சர்

பொய் சொல்லாதவர்கள் என்று நான் கேள்விப்பட்டவர்கள் எல்லாம் சுவரில் படமாகி மாலை போட்டுக்கொண்டவர்கள். உயிரோடு நடமாடிய ஒருத்தரை இரண்டு வருடம் என் வீட்டு மாடியில் குடிவைத்திருந்தேன். அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

உடுமலைப்பேட்டையில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு மாடியை எடுத்துக் கட்டியவள் நான். எருமை வைத்துப் பால் ஊற்றிக் கட்டியது. அதனால் வாடகைக்கு வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, நாலு வார்த்தை பேசிப் பார்த்துத்தான் சாவியைக் கொடுப்பேன். அந்தம்மா வந்தபோது கையில் ஒரு பெட்டியும் ஒரு மிக்சியும் இருந்தன. கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். தலையில் முக்காடு. பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலிங் வேலை என்றார்.

“பாடம் எடுக்க மாட்டீங்களா?”

“இல்லீங்க பெரியம்மா. புள்ளைங்களோட பேசறதுதான் வேலை. அதுலயும் அவங்க பேசுவாங்க, நான் கேட்டுக்குவேன்.”

“கேட்டுக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்க. கொஞ்சம் லேட்டாக் குடுக்கறாங்க.”

எனக்குப் பிடித்துப்போனது. சாவியைக் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி வந்து, “ஏனுங்க்கா, பாய் ஊட்டுக்காரங்களுக்கா உட்டீங்க?” என்றாள். “உட்டது என்ற ஊட்டை. உன்ற ஊட்டையா உட்டேன்?” என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வந்த புதிதில் ஒருநாள் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி மேலே கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா வாங்கி வைத்திருக்கலாம். “எப்படி இருந்துச்சுங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டேன்.

“லேசா அடிபுடிச்ச வாசம் இருந்துச்சுங்க பெரியம்மா. பசியில நல்லாச் சாப்பிட்டேன்.”

என் சமையலை எங்கள் மாமியாரே குறை சொன்னதில்லை. அந்தம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. குண்டானின் அடியைப் பார்த்தேன், கருத்துத்தான் இருந்தது. அதற்காகச் சொல்லிவிடுவதா?

போகப் போகத்தான் அவருடைய வழி பிடிபட்டது. கேட்காமல் எதையும் சொல்ல மாட்டார். எதிர்வீட்டு மருமகள் புதுச்சீலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். “எப்படி இருக்குதுங்க?” என்று அவள் வாயைக் கொடுத்தால் போச்சு. அதனால் எங்கள் வீதியில் அவரிடம் கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள். எனக்குக்கூட, ஏதாவது கேட்க வாய் வந்தால், பதிலைத் தாங்குவேனா என்று ஒருதரம் யோசித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்கப் போனேன். லைப்ரரிக்குப் பக்கத்தில் சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேசை கிடையாது. ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை ஒன்று உள்ளே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வெளியே நின்றேன். அந்தம்மா அதனிடம் சொன்னது காதில் விழுந்தது.

“நீ சொல்றதை நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உன் உசுருக்கோ, இன்னொருத்தர் உசுருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டுச்சுன்னா சொல்லிருவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இப்ப யோசிச்சுப் பேசு. பேசாட்டியும் பரவால்ல, பெல் அடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கலாம்.”

மாட்டுச் சந்தையில் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, இது உதைக்கும்” என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கேட்டேன். “ஏங்க டீச்சர், யாருகிட்டயுஞ் சொல்ல மாட்டேன்னு சொன்னா அந்தப் புள்ள மடமடன்னு பேசிப்போடுமே. அப்புறம் சொல்றதும் சொல்லாததும் உங்க கையிலதான இருக்குது?”

“பேசும் பெரியம்மா. ஒருக்காத்தான் பேசும்” என்றார்.

அந்தப் பிள்ளை பேசியதா என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. பொய்தான் சொல்ல மாட்டாரே தவிர, சொல்லாமல் இருக்க நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கம் பிள்ளை எதையாவது கண்டு பயந்துவிட்டால் சாயங்காலம் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுப்போம். சாமி எதுவானால் என்ன, பிள்ளை தூங்கினால் சரி. இந்தப் பழக்கத்தில் ஒருத்தி, எட்டாவது படிக்கிற மகளையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை தூக்கத்தில் அலறுகிறதாம்.

“ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தாச்சுங்க. மந்திரிச்ச கயிறு கட்டியாச்சு. நீங்க பாய் ஊட்டுக்காரங்க, பயந்த புள்ளைகளைப் பாக்கறவங்க வேற. ஒரு வாய் ஓதிக் குடுத்துப்போடுங்க.”

“எனக்கு ஓதத் தெரியாதுங்க. அசரத்து பள்ளிவாசல்ல இருப்பாரு, அங்க போங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை பக்கம் திரும்பி, “உனக்கு என்னம்மா பயம்?” என்று கேட்டார்.

“அதுக்கென்னங்க தெரியும், சின்னப்புள்ள” என்றாள் தாய்.

“கேட்டுப் பாக்கலாமே.”

படிக்கட்டில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் சத்தமே இல்லை. தாய்க்காரி என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். கடைசியில் பார்த்தால், டியூசன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறதாம். அந்த வீட்டு வாத்தியாருக்கு நாய் என்றால் செல்லம், அவிழ்த்தே விட்டிருப்பாராம். சொன்னால் டியூசனை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அப்பா திட்டுவார் என்று பிள்ளை வாயைத் திறக்கவில்லை. “போகும்போது கட்டி வெக்கச் சொல்லி உங்க அப்பாவை ஒரு போன் போடச் சொல்லலாமா?” என்று கேட்டார் டீச்சர். பிள்ளை தலையாட்டியது. கோடைகாலம். பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோயிருக்கும், பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டார்.

“அய்யோ, ஓதற தண்ணியக் குடிச்சுப்போட்டீங்களே” என்றாள் தாய்.

பிள்ளை அதற்குப் பிறகு அலறவில்லை. தாய்க்காரி ஊரெல்லாம் போய், “என்ற புள்ள பயத்தை அந்தம்மா வாங்கிக் குடிச்சுப்போட்டாங்க” என்று சொல்லிவிட்டாள். பிறகு கொஞ்ச நாள் என் வீட்டு வாசலில் சொம்பும் கையுமாக ஆட்கள். வந்தவர்களிடம் எல்லாம் அந்தம்மா ஒரே பதில்தான் சொன்னார். “தாகமா இருந்துச்சுங்க, குடிச்சேன்.” யாரும் நம்பவில்லை.

எனக்குக் கண் ஆபரேசன் வந்தது. மகன் திருப்பூரிலிருந்து போன் செய்து, “எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா” என்றான். மருமகளும் அதையேதான் சொன்னாள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. மாடிக்குப் போய், “வலிக்குமாங்க டீச்சர்?” என்றேன்.

“எனக்குத் தெரியலீங்க பெரியம்மா. நான் பண்ணிக்கிட்டதில்லை. கேட்டுச் சொல்றேன்.”

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். ஊசி போடும்போது வலிக்குமாம். கத்தி வைக்கும்போது தெரியாதாம். வீட்டுக்கு வந்த பிறகு மண் விழுந்த மாதிரி உறுத்துமாம், அதற்குப் பயப்பட வேண்டாமாம். அவர் சொன்ன இடத்தில் வலித்தது, சொல்லாத இடத்தில் வலிக்கவில்லை. உறுத்தும்போதுகூட, இது வரவேண்டியதுதானே என்று சும்மா படுத்திருந்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது அவர்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் தாரணி அவருடைய பள்ளிக்கூடத்தில்தான் ப்ளஸ் டூ படித்தாள். அவள் அப்பனுக்குக் கொப்பரைக் களம். தேங்காயை உடைத்துக் காயப்போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற வேலை. ஒரே பெண். தாரணிதான் வந்து சொன்னாள், பரீட்சைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, தைரியம் சொல்லும்படி டீச்சரை மேடையில் ஏற்றினார்களாம். இவர் மைக்கைப் பிடித்து, “உங்கள்ல சில பேரு ஏதாவது ஒரு பேப்பர்ல போயிரலாம்” என்று ஆரம்பித்தாராம். போனால் என்ன செய்யலாம், அந்த ஒரு பேப்பரை மட்டும் மறுபடி எப்போது எழுதலாம், எங்கே பணம் கட்ட வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாராம். எச்.எம். அம்மா முகம் எப்படி ஆனது என்று தாரணி நடித்துக் காட்டினாள்.

“நல்ல நாளும் அதுவுமா அந்த வார்த்தையா சொல்லுவாங்க?” என்றேன்.

“அதைக் கேட்டதுக்கப்புறந்தான் ஆத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு” என்றாள் அவள்.

அந்தப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவள் அப்பனுக்கு நெஞ்சு வலி வந்தது. சாயங்காலம் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுடைய பெரியப்பாவும் அம்மாவும் காரில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓடினார்கள். தாரணிக்கு மறுநாள் காலையில் கெமிஸ்ட்ரி. கேஸ் ட்ரபிள்தான், ஊசி போட்டுக் கூட்டி வந்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லி, படிக்கட்டும் என்று என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

விடிந்ததும் எனக்குப் போன் வந்தது. பெரியப்பாதான்.

“அக்கா, தம்பி போயிட்டானுங்க.” அழுதார். பிறகு, “புள்ளைக்கு ஒண்ணுஞ் சொல்லாதீங்க. பன்னண்டு வருசப் படிப்பு. எழுதிட்டு வரட்டும். ஒரு மணி வரைக்கும் நாங்க இங்கயே ஆஸ்பத்திரியில வெச்சிருக்கறோம். நீங்க பாத்து அனுப்பி வெச்சுப்போடுங்க” என்றார்.

சரி என்றேன். எங்கள் பக்கம் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். செத்தவர் செத்துவிட்டார், இருக்கிற பிள்ளை படிப்பைப் பார்க்க வேண்டாமா? இது கல்நெஞ்சம் இல்லை. அந்தப் பெரியப்பா அழுத அழுகையை நான் போனில் கேட்டேன்.

தாரணி குளித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தினமும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பஸ்ஸுக்குப் போவார்கள். அவரைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க பெரியம்மா? தெரியாம இருந்தா, தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்.”

“உங்களை யாரு கேக்கறாங்க? எங்கிட்டத்தான் கேப்பா. நாஞ் சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காம பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி உட்டுப்போடுங்க.”

“எங்கிட்டக் கேட்டா?”

“நல்லாருக்கறாருன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிப் போயிருமா?”

அவர் வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

தாரணி யூனிபாரம் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டில் இட்லி வைத்தேன்.

“ஆத்தா, போன் வந்துச்சே. அப்பாக்கு எப்படி இருக்குதாமா?”

“நல்லாருக்கறாரு கண்ணு. தூங்கறாராம். நீ தின்னு.”

என் குரலில் ஒரு பிசிறு இல்லை. அவள் ஓர் இட்லியைப் பிட்டாள், வாயில் வைக்கவில்லை. வாசல்படியில் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேடம், அப்பா நல்லாருக்கறாருங்களா?”

நான் பின்னால் நின்றுகொண்டு அந்தம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ‘அதான் ஆத்தா சொல்றாங்களே’ என்று சொல்லியிருக்கலாம், அது பொய்கூட ஆகாது. அதையும் சொல்லவில்லை. அவர் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே தாரணியின் முகம் மாறிவிட்டது. வேறு யார் பேசாமல் நின்றிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தம்மா நின்றதால் தெரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இல்ல தாரணி. அப்பா இன்னைக்குக் காலையில இறந்துட்டாரு.”

நாங்களாக இருந்தால் தவறிட்டாரு என்போம், போயிட்டாரு என்போம். எனக்குச் சுரீர் என்றது.

தாரணி உடனே அழவில்லை. “அம்மா?” என்றாள்.

“அப்பா கூடத்தான் இருக்காங்க.”

“எல்லார்த்துக்குந் தெரியுங்களா?”

“தெரியும். நீ பரீட்சை எழுதிட்டு வந்ததும் சொல்லலாம்னு இருந்தாங்க. உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப நீ போய் எழுதலாம். எழுதினா, நீ வர்ற நேரத்துக்கு அப்பாவைக் கொண்டுவருவாங்க. இல்லாட்டி இந்த ஒரு பேப்பரை லீவு முடிஞ்சு எழுதலாம். அப்படிப் பண்ணினா நீ நினைச்ச காலேஜ் கிடைக்காமப் போகலாம். எதுன்னாலும் நான் கூட இருக்கறேன்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். என் போனை வாங்கிப் பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

“பெரியப்பா, அப்பாவ இப்பவே கொண்டாங்க. நான் ஊட்டுல இருக்கறேன்.”

போனை வைத்த பிறகுதான் அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். டீச்சர் அவள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, கூடத்தைப் பெருக்கி, சாமான்களை ஒதுக்கி இடம் செய்தார்.

பரீட்சை ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. தாரணி யூனிபாரத்தோடு கேட்டில் நின்றிருந்தாள். அம்மாவை இறக்கியது அவள்தான். அப்பன் வாயில் முதல் அரிசி போட்டதும் அவள்தான். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. அத்தனை பேருக்கும் நடுவில் பெரியப்பா டீச்சரிடம் வந்தார்.

“உங்களை யாருங்க சொல்லச் சொன்னது?”

“அவ கேட்டாளுங்க.”

“கேட்டா ஒரு பொய் சொல்ல வராதா? அந்தப் புள்ளையோட ஒரு வருசத்தை எடுத்துப்போட்டீங்களே. என்னத்தப் படிச்சுப்போட்டு இந்த வேலைக்கு வந்தீங்க?” என் பக்கம் திரும்பினார். “அக்கா, இந்தம்மாவ முதல்ல காலி பண்ணச் சொல்லுங்க.”

எனக்கும் அந்தம்மாமேல் கோபம்தான். ஆனால் என் மாடியில் யார் இருப்பது என்று இன்னொருத்தர் சொல்ல நான் விட்டதில்லை. “அதை நான் பாத்துக்கறேன் தம்பி. நீ போயி ஆக வேண்டியதைப் பாரு” என்றேன்.

அந்தக் கெமிஸ்ட்ரியைத் தாரணி பிறகு எழுதினாள், பாசும் செய்தாள். நினைத்த காலேஜ் கிடைக்கவில்லை. பொள்ளாச்சியில் வேறொன்றில் சேர்ந்தாள். டீச்சர் அடுத்த வருடம் மாற்றலாகித் திண்டுக்கல் பக்கம் போனார். அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், பொழுதுக்கு ஒரு பதில் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த பரீட்சை நாளை நான் மறக்கவில்லை. சாம்பல் கரைத்த கையோடு வந்தது அது, பயாலஜி. சாவு வீட்டுப் பெண் அதற்குள் வெளியே போகலாமா என்று கிழவிகள் முனகினார்கள். “போறேன்” என்றாள் தாரணி, அவ்வளவுதான். பெரியப்பா பைக்கை எடுத்தார். பின்னாலேயே நானும் டீச்சரும் ஆட்டோவில் போனோம்.

அவள் உள்ளே போன பிறகு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். பெரியப்பா அந்தக் கோடி, டீச்சர் இந்தக் கோடி, நடுவில் நான் மோர்ப் பாட்டிலோடு. வெயில் ஏற ஏற அவர் நிழலைப் பார்த்து நகர்ந்து நகர்ந்து எங்கள் பக்கமே வந்துவிட்டார். வேறு நிழல் இல்லை.

டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே பெரியப்பா கேட்டார். “ஏனுங்க, அன்னைக்கு அவ கேக்காமயே போயிருந்தா, சொல்லியிருப்பீங்களா?”

“எழுதிட்டு வெளிய வந்ததுஞ் சொல்லியிருப்பேனுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி நானாச் சொல்லியிருக்க மாட்டேன்.”

“அப்ப, கேக்காம இருந்திருந்தா எழுதியிருப்பா.”

“எழுதியிருப்பா” என்றார் டீச்சர். “ஆஸ்பத்திரியில அப்பா இருக்கும்போது கேக்காமப் போற புள்ள இல்லீங்களே அவ.”

நான் ஊற்றிக்கொடுத்த மோரைப் பெரியப்பா வாங்கிக் குடித்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள், கேள்வித்தாளை விரித்து விடை பேசிக்கொண்டு. தாரணி தனியாக வந்தாள். எப்படி எழுதினாய் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அவள் நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

“பெரியப்பா, அம்மா சாப்ட்டுச்சா?”

அவர் வாய் திறந்தது. என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அதைச் சொல்லி முடித்திருப்பேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்ல கண்ணு” என்றார் பெரியப்பா. “நேத்திருந்து ஒண்ணுந் திங்கல. காப்பி குடுத்தாலும் கீழ வெச்சுப்போடறா. நாங்க சொன்னாக் கேக்கறதில்ல.”

தாரணி பரீட்சை அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“வண்டிய எடுங்க பெரியப்பா. நான் போயி ஊட்டறேன்.”